ஐஸ்கிரீம் பெட்டியில் புட்ரெசின்

மார்ச் 3, செவ்வாய்

வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. துறைமுகப் பக்கமிருந்து காற்றே இல்லை.

பல்கலைக்கழக வளாகத்தில் ஊழியர் வேலைநிறுத்தம், மூன்றாம் நாள். ஆய்வுகூடம் பூட்டு. மிஸ் (என் மேற்பார்வையாளர்) தொலைபேசியில்: நாற்றுகளையும் மருந்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகட்டாம். பத்து நாள் விடாமல் தெளிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் அடுத்த வருடம். காவலாளி பாவம் பார்த்து ஐந்து நிமிடம் திறந்துவிட்டார்.

கொண்டுவந்தவை:
- யோகட் கோப்பை இருபத்துநான்கு. ஒவ்வொன்றிலும் நெல் நாற்று ஐந்து.
- உப்பு, ஒரு போத்தல்.
- பிப்பெற் ஒன்று, நுனி உடைந்தது.
- புட்ரெசின் (மருந்து), சின்னப் பழுப்புப் போத்தல்.

புட்ரெசின் என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை நோகும். இனி புட்.

போத்தலின் மேல்: அறை வெப்பநிலையில் வைக்கவும். எந்த ஊர் அறை என்று இல்லை. புட். 27 பாகையில் உருகும். கொழும்பில் குளிரூட்டிய களஞ்சியத்தில் வெள்ளைக் கட்டியாக இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் மார்ச் மாதத்தில் 27 பாகை என்பது விடியற்காலை.

பஸ்ஸில் பாதி வழியில் உருகிவிட்டது. மூடியோரம் ஈரம். முன் ஆசனத்தில் இருந்தவர் தன் சாப்பாட்டுப் பொதியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

வீட்டு பிரிட்ஜில் ஐஸ்கிரீம் பெட்டிகள் நான்கு. ஒன்றிலும் ஐஸ்கிரீம் இல்லை, இருந்ததாக எனக்கு நினைவும் இல்லை. எல்லாவற்றிலும் மீன். ஐந்தாவது, காலிப் பெட்டி ஒன்றை எடுத்தேன். போத்தலைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டி எழுதினேன்: ஆய்வு. தொட வேண்டாம்.

கீழ்த்தட்டு, பின்பக்கம். வேலை முடிந்தது.


மார்ச் 4, புதன்

வெயில். நாற்றுகளுக்கு முதல் தெளிப்பு, காலை ஆறு. எட்டுக் கோப்பைக்கு நல்ல தண்ணீர். எட்டுக்கு உப்புத் தண்ணீர். எட்டுக்கு உப்புத் தண்ணீரும் புட்.டும். ஒரு லீற்றருக்குச் சில துளி போதும், அந்த அளவில் மணமே தெரியாது. இரண்டு நாளுக்கு வேண்டியதை நேற்றே கலந்து வைத்துவிட்டேன்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் வயல்களில் உப்பு ஏறுகிறது. உப்பில் நாற்று சுருண்டுவிடும். சுருளாத நாற்றுக்குள் பார்த்தால் பொலிஅமைன்கள் (புட். அந்தக் குடும்பம்) கூடியிருக்கின்றன. அப்படியென்றால் வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்துப் பார்த்தால் என்ன? இதுதான் என் கேள்வி. ஒரு வரி. அதற்கு இரண்டு வருடம்.

மத்தியானம் அம்மா பிரிட்ஜைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். பாரை மீன் பழுதாம். நேற்றுத்தான் வாங்கியது. என்னையும் கூப்பிட்டு மணக்கச் சொன்னார். மணந்தேன். பழுதுதான், சந்தேகமே இல்லை.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. குசினிக் கதிரையில் ஏறி உட்கார்ந்து விளக்கம் கொடுத்தேன். மீன் இறந்ததும் பக்ரீரியா புரதத்தை உடைக்கும், அமினோ அமிலங்கள் அமைன்களாக மாறும், அதில் ஒன்று என் ஆய்வுப் பொருளேதான், இந்த மணம் அதன் மணம் என்று.

அம்மா முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் சின்னத் தெரு, இந்த ஒழுங்கை முழுவதற்கும் டீச்சர்தான். எந்த மா நல்லது, எந்த எண்ணெய் கூடாது, எல்லாம் இங்கே வந்துதான் கேட்பார்கள். என் விளக்கத்தைத் தலையசைத்துக் கேட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் படிப்பு அவருக்குப் பயன்பட்டிருக்கிறது.

பாரை பூனைக்கு. பூனை ஆனந்தமாகத் தின்றது.

(பூனை பழுது மீனைத் தின்னாது. இதை அப்போது யோசிக்கவில்லை.)


மார்ச் 5, வியாழன்

வெயில். மின்வெட்டு முக்கால் மணித்தியாலம்.

தவக்காலம் என்பதால் வீட்டில் இறைச்சி இல்லை. தினமும் மீன். தினமும் சலீம் நானா.

சலீம் நானா கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறார். மோட்டார் சைக்கிள், பின்னால் ரெஜிபோம் பெட்டி, ஐஸ், மேலே ஈரச் சாக்கு. பதினொரு வருடமாக எங்கள் ஒழுங்கை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஹோர்ன், எங்களுக்கு மட்டும் இரண்டு, அம்மா பின்வளவில் நிற்பார் என்று. அவருக்கு இப்போது நோன்பு. எங்களுக்குத் தவக்காலம். பசியில்லாதது நான் மட்டும்.

காலையில் சூடை மீன் வாங்கினோம். அம்மா கழுவிப் புளிப்புத் தேசிக்காய்ச் சாறு பூசி, பெட்டியில் போட்டு உள்ளே வைத்தார். மூன்று மணிக்குத் திறந்தால் நேற்றைய அதே மணம்.

பின்னேரம் நானா திரும்பும் வழியில் அம்மா வாசலில் மறித்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால்.

"இரண்டு நாளாப் பழுது மீன் தாறீங்கள், நானா. ஒரே மணம். என்ர பிள்ளையும் மணந்து பாத்தவ. அவ இதைத்தான் கம்பஸில படிக்கிறா."

நானா சாக்கைத் தூக்கி மிச்ச மீனைக் காட்டினார். அம்மா பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கிருபா அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பக்கம் தெரிந்தால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

ஐந்து மணி. நாளைய தெளிப்புக்குக் கலக்க, செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவையாக என் பெட்டியைத் திறந்தேன்.

அம்மா சொன்ன மணம்.

பஞ்சு முழுக்க ஈரம். மூடியில் பஸ்ஸிலேயே வெடிப்பு விழுந்திருக்கிறது. மீன் அல்ல. இரண்டு நாளும் மீன் அல்ல. உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்த மணம் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆய்வின் தலைப்பில் முதல் சொல்.

பெட்டியை மூடினேன். இன்னொரு பொலித்தீனில் சுற்றினேன். திருப்பி உள்ளே வைத்தேன்.

ஏன் வைத்தேன்?


மார்ச் 6, வெள்ளி

வெயில். நாற்றுகள்: உப்புக் கோப்பைகளில் இலை நுனி பழுப்பு. புட். கோப்பைகளில் பழுப்புக் குறைவு, அல்லது நான் குறைவாகப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது. நானாவின் ஹோர்ன் முதல் வீட்டில். இரண்டாவது வீட்டில். எங்கள் வாசலில் இல்லை. மெதுவாக்கவும் இல்லை. கிருபா அக்கா வாசலுக்கு வந்தார், ஆனால் வெறுங்கையோடு, பார்ப்பதற்கு. வேறு ஒருவரும் வரவில்லை. நானா ஒழுங்கை முடிவுவரை போய்த் திரும்பி வந்தார். பெட்டி திறக்கவே இல்லை.

சொல்லாமலிருப்பதற்குக் காரணங்கள்:
1. சொன்னால் அம்மா போத்தலை வளவுக்குள் புதைப்பார். ஆய்வு முடிந்தது.
2. வேறு போத்தல் வர இரண்டு மாதம்.
3. இன்னும் ஏழு நாள்தானே. ஏழு நாள் கழித்துச் சொல்லலாம்.
4. நானாவுக்கு வேறு ஒழுங்கைகள் இருக்கின்றன.

நான்காவதை எழுதும்போது பேனை நின்றது. எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலையிலும் முழங்கால். ஐந்தாம் நிலையில் பின்வரிசையிலிருந்து கேட்டது, ஒரு பெண் இன்னொருவரிடம்: "டீச்சரின்ட மகள் சோதிச்சுப் பாத்தவவாம். மீனில ஏதோ விஷமாம்."

சோதிச்சுப் பாத்தவவாம். நான் ஒரு தடவை மணந்தேன். அவ்வளவுதான்.


மார்ச் 7, சனி

வெயில். காற்று கொஞ்சம்.

மிச்ச மீனையும் அம்மா எறிந்துவிட்டார், பிரிட்ஜில் இப்போது ஒரு மீனும் இல்லை. மணம் இருக்கிறது. அம்மாவுக்குக் குழப்பம். பிறகு ஒரு முடிவு: சலீம் நானாவின் மீன் பிரிட்ஜுக்குள்ளேயே ஊறிவிட்டது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆறு தேசிக்காயைப் பிழிந்து, தட்டுத் தட்டாகக் கழுவினார். என் பெட்டியை மட்டும் தொடவில்லை. எழுத்தைப் படித்தார், ஒரு துணியால் சுற்றிப் பிடித்து, மேசையில் தனியாக வைத்தார். பிறகு எனக்குச் சொன்னார்:

"உன்ர சாமான் பாவம், பிள்ளை. இந்த நாத்தத்துக்குள்ள கிடந்து பழுதாப் போகும். மேல்தட்டில வைக்கிறன்."

மேல்தட்டில் வைத்தார். மேல்தட்டிலிருந்து மணம் இன்னும் நன்றாக இறங்கும்.

தேசிக்காயின் வேலை ஒரு மணித்தியாலம். அமைன் காரம், தேசிக்காய் அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பாகிவிடும், மணம் எழும்பாது. மீனுக்குத் தேசிக்காய் பூசுகிற எல்லாருக்கும் இது தெரியும், பெயர் தெரியாமல். என் பெட்டி பிறகு தன் வேலையைத் திரும்பத் தொடங்கும்.

மிஸ்ஸின் குரற்செய்தி. அளவுகள் தவறாமல் எடுக்கட்டாம். மருந்து எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று அனுப்பினேன். பொய் இல்லை. மருந்து மிக நன்றாக இருக்கிறது.

மாலை, வாசிப்பு. புட். ஐ முதலில் அழுகிய இறைச்சியில் பிரித்தெடுத்தார்கள், பெயரும் அதிலிருந்துதான். உயிருள்ளவற்றில் பிறகுதான் தேடினார்கள். தேடினால் எல்லாவற்றிலும் இருந்தது: பக்ரீரியா, நெல், மாடு, மனிதன். அதிலிருந்து உயிர்க்கலம் ஸ்பேர்மிடின் செய்கிறது, அதிலிருந்து ஸ்பேர்மின். இந்த இரண்டையும் அம்மாவிடம் சொல்ல ஏலாது. முதலில் எதில் கண்டார்கள் என்று கேட்பார், டீச்சர்; விடை பெயரிலேயே இருக்கிறது.

இவை எல்லாம் நேர் ஏற்றம் கொண்டவை. டி.என்.ஏ. எதிர் ஏற்றம். ஆகவே ஒட்டிக்கொள்கின்றன, தாங்கிப் பிடிக்கின்றன. கலம் பிரியும்போது கூடுகின்றன. வயது போகக் குறைகின்றன. முற்றாக எடுத்துவிட்டால் கலம் வளராமல் நின்றுவிடும். அளவுக்கு மேலே போனால் அதுவும் கேடு.

செத்ததன் பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் போனால் போனதுதான்.

சலீம் நானா.


மார்ச் 8, ஞாயிறு

மேகம், மழை இல்லை. அப்பா புல்மோட்டையிலிருந்து வந்தார். மணல் ஆலையில் வேலை, ஞாயிறு மட்டும் வீடு. கொரோனாவுக்குப் பிறகு அப்பாவுக்கு மணம் தெரியாது. பிரிட்ஜைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் தண்ணீர்ப் போத்தல் தேடினார், நிதானமாக, இரண்டு நிமிடம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தார். இந்த வீட்டில் நிம்மதியான ஆள் ஒருவர் இருக்கிறார்.

மத்தியானம் மீன் இல்லை. பருப்பு, கத்தரிக்காய். அப்பா மீன் எங்கே என்று கேட்டார். அம்மா சொன்னார், சலீம் நானாவை நிற்பாட்டிவிட்டதாக. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். சண்டைக்காலத்தில் கடைசி இரண்டு வருடம், ஒழுங்கைக்கு ஒருவரும் வராத நாட்களில் யார் மீன் கொண்டுவந்தது என்று மட்டும் கேட்டார். அது சலீம் நானாவின் வாப்பா. சைக்கிளில்.

அம்மா: அவர் வேற, இவர் வேற.

அப்பா கரண்டியைத் திரும்ப எடுத்துப் பருப்பைச் சாப்பிட்டு முடித்தார். நான் ஐந்தாம் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.


மார்ச் 9, திங்கள்

வெயில். காலைத் தெளிப்பு முடித்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் புட். இரண்டு துளி எடுத்து, தக்கையால் அடைத்து, கைப்பைக்குள்.

பத்து மணிக்கு நானா உட்துறைமுகக் கரையில், வாகை மர நிழலில் இருந்தார். மோட்டார் சைக்கிள் ஸ்ராண்டில். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று ஒழுங்கைகள் போய்விட்டனவாம். எங்கள் ஒழுங்கை, அடுத்தது, கோயிலுக்குப் பின்னால் ஒன்று. டீச்சர் சொன்னால் மூன்று ஒழுங்கை. கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல.

நான் சொன்னேன். நின்றுகொண்டே, எல்லாவற்றையும். பஸ், மூடி, பஞ்சு, ஐஸ்கிரீம் பெட்டி. வியாழன் பின்னேரமே எனக்குத் தெரியும் என்பதையும். அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

குழாயை நீட்டினேன்.

"நோன்போட இத மணக்கச் சொல்றீங்க, மகள்."

மணந்தார். தூரத்தில் பிடித்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் தள்ளி. ஆய்வுகூடத்தில் எங்களுக்கு முதல் வருடம் படிப்பிக்கிற முறை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தார்.

"இதப் படிக்கத்தான் கம்பஸ் போறீங்களா?"

ஓம் என்றேன்.

பிறகு சொன்னார், மீன் இல்லை என்பது தனக்கு வியாழக்கிழமையே தெரியும் என்று. எப்படி என்று கேட்டேன்.

"டீச்சர் என்ன சொன்னாங்க? இரண்டு நாளும் ஒரே மணம் எண்டாங்க. மீன் பழுதானா காலையில ஒரு மணம், பகலைக்கு ஒரு மணம், மகரிபுக்கு வேற. பாரை நாறுற மாதிரிச் சூடை நாறாது. ஒரே மாதிரி நாறினா அது மீனில்ல, சாமான்."

இரண்டு வருடம் படித்த நான் இப்படி யோசிக்கவில்லை. இது ஒப்பீட்டுச் சோதனை. இரண்டு மீன், இரண்டு நாள், மாறாத ஒரு விளைவு, ஆகவே காரணம் மீன் அல்ல.

அப்படியென்றால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

"டீச்சருக்கு நான் சொல்லியிருப்பன். நீங்க மணந்து பாத்ததாச் சொன்னாங்களே. படிச்ச பிள்ளை மீன் எண்டு சொன்ன பிறகு நான் என்னத்த சொல்ற?"

வாகைக் காய் ஒன்று விழுந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். மன்னிப்பு.

உடனே தரவில்லை. கயிற்றை இறுக்கினார், சாக்கை நனைத்தார். பிறகு:

"என்னட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. ரோட்டுல சொன்னத ரோட்டுலதான் எடுக்கணும், மகள்."


மார்ச் 10, செவ்வாய்

வெயில். ஆறு மணி தெளிப்பு. ஆறரைக்கு அம்மாவிடம்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை துருவினார். பிறகு விசாரணை, வகுப்பில் செய்வதுபோல.

"பெட்டியில என்ன எண்டு எழுதினனீ?"

"ஆய்வு. தொட வேண்டாம்."

"நான் தொட்டனானா?"

"இல்லை."

"மணக்கும் எண்டு எழுதினனீயா?"

"இல்லை, அம்மா."

பாதித் தேங்காயைக் கீழே வைத்தார். பாரையும் சூடையும் பூனைக்குப் போட்டதைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முப்பது வருடத்தில் ஒரு கேள்விக்கும் பிழையான விடை கொடுத்ததில்லை என்றார். ஒரு தடவை சோதனைத் தாளில் பிழை வந்தபோதுகூட அது அச்சகத்தின் பிழையாம். பிறகு என்னைப் பார்க்காமல், நானாவுக்கு எப்படி முகம் காட்டுவது என்றார்.

போத்தலைப் புதைக்கச் சொல்லவில்லை. என் நான்கு காரணங்களில் முதலாவது, நான் அம்மாவைப் பற்றி வைத்திருந்த பிழையான எண்ணம்.

பிரிட்ஜில் வைக்கத் தேவையே இல்லை என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. மிஸ்ஸுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு. உருகினால் உருகட்டும், மருந்துக்கு ஒன்றும் ஆகாது, நல்ல மூடி போட்டு நிழலில் வைத்தால் போதும், யார் பிரிட்ஜில் வைக்கச் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வெயிலை நினைத்துப் போத்தலுக்காக நானே கவலைப்பட்டேன்.

போத்தல் இப்போது இறுக்கமான மூடியோடு ஊறுகாய்ச் சாடிக்குள், சாடியைச் சுற்றித் தேசிக்காய்த் தண்ணீரில் நனைத்த துணி, கிணற்றடி நிழலில். அம்மாவின் ஏற்பாடு.

ஒன்பது மணி. ஒழுங்கை முகப்பில் ஹோர்ன். அம்மா கோயிலுக்கு உடுக்கிற சேலையோடு வாசலில். நான் பக்கத்தில், கையில் குழாய். நானா கடந்து போகப் பார்த்தார். அம்மா நடுரோட்டில் போய் நின்றார்.

கிருபா அக்கா வந்தார். பிறகு மூன்று பேர். பிறகு இன்னும் ஐந்து. ஒழுங்கையில் ஒருவர் நின்றால் மற்றவர்களுக்குக் கால் தானாக வரும்.

அம்மா, வகுப்புக் குரலில்:

"எல்லாரும் கேளுங்கோ. ஒரு திருத்தம். போன வியாழக்கிழமை நான் நானாவின்ட மீனைப் பழுது எண்டு சொன்னனான். அது பிழை. பழுது மீனில்ல, என்ர பிள்ளையின்ட மருந்து. மீன் நல்ல மீன். நான் பிழையாச் சொன்னனான்."

திருத்தம் என்ற சொல்லோடு அம்மா மூன்று அங்குலம் குறைந்துபோனார் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அவர்கள் குழாயைப் பார்த்தார்கள்.

பிறகு என் முறை. இரண்டு வருடத்தில் நான் கொடுத்த ஒரே பகிரங்க விரிவுரை. மேடை: ரெஜிபோம் பெட்டிக்குப் பக்கம். சபை: ஒன்பது பெண்கள், சலீம் நானா, மதிலோரம் ஊர் சுற்றும் மான் ஒன்று. குழாய் கை மாறிப் போனது. ஒவ்வொருவராக மணந்து, ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். ஓம், இதுதான் டீச்சர் வீட்டு மணம் என்று கிருபா அக்கா உறுதிசெய்தார். அவர் எங்கள் பிரிட்ஜைத் திறந்ததே இல்லை.

சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன். செத்த மீனில் இது வரும், ஆனால் உயிருள்ள எல்லாவற்றிலும் இது இருக்கிறது என்று சொன்னதுதான் தாமதம்.

"எனக்குள்ளயுமோ?" கிருபா அக்கா.

"ஓம், அக்கா. எங்கள் எல்லாருக்குள்ளயும்."

ஒன்பது பேரும் ஒன்பது பேரையும் பார்த்தார்கள். ஒருவர் தன் தோளை மெதுவாக மணந்து பார்த்தார். நான் அவசரமாக: மிகச் சிறிய அளவு, மணக்காது, அது இல்லாவிட்டால் கலம் பிரியாது, காயம் ஆறாது, பிள்ளை வளராது, தலைமயிர் வளராது. உணவிலும் இருக்கிறது, சோயாவில், காளானில், தோடம்பழத்தில் (ஆரஞ்சில்).

இதில் இரண்டு மட்டும் சபையில் தங்கின. தோடம்பழம். தலைமயிர்.

"அப்ப இதைத் தலையில பூசலாமோ, பிள்ளை?" மறுபடி கிருபா அக்கா. அவருக்கு இரண்டு வருடமாக முன்பக்கம் கொட்டுகிறது.

ஏலாது என்றேன். ஏன் என்று கேட்டார். பூசினால் உங்கள் தலைக்குப் பக்கத்தில் ஒருவரும் வர மாட்டார்கள் என்று நானா சொன்னார். இன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கயிற்றை அவிழ்த்தார்.

ஒருவர் கேட்டார், அப்படியென்றால் மீன் வாங்கலாமா என்று. என்னைப் பார்த்து அல்ல. அம்மாவைப் பார்த்து.

அம்மா: "நான் வாங்குறன்."

வாங்க ஏலவில்லை. நானா இன்றைக்கு எங்கள் ஒழுங்கைக்கு மீன் வைத்துக்கொண்டு வரவில்லை. எடுப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் சும்மா ஹோர்ன் அடித்தபடி கடந்து போகத்தான் வந்தாராம். பெட்டியில் ஐஸ் மட்டும். ஹோர்ன் அடிக்காவிட்டால் ஒழுங்கை தன்னை மறந்துவிடும் என்றார்.




மார்ச் 11, புதன்

மேகம். கடற்காற்று, நல்ல காற்று. எட்டாம் தெளிப்பு. உப்புக் கோப்பைகளில் நாற்பதில் பதினேழு சுருண்டுவிட்டன. புட். கோப்பைகளில் ஒன்பது. முடிவு இல்லை, இன்னும் இரண்டு நாள். ஆனாலும் இரண்டு தடவை எண்ணினேன்.

ஏழு மணிக்குக் கிருபா அக்கா ஒரு சின்னக் கண்மருந்துப் போத்தலோடு. ஒரு துளி, பரீட்சைக்கு, காதுக்குப் பின்னால் மட்டும். மறுத்தேன். முகம் சுருங்கியது. எதிர் மதிலில் அவருடைய தோடம்பழங்கள் நான்கு, வெளியே வைத்தபடி. தான் தின்ன மாட்டாராம், வேண்டியவர் எடுக்கலாமாம்.

ஒன்பது. ஹோர்ன். முதல் வீட்டில் நின்றது, பெட்டி திறக்கும் சத்தம். இரண்டாவது வீட்டில் நின்றது. எங்கள் வாசலில் ஒன்று. இரண்டு.

அம்மா போனார். நானும். பெட்டியில் பாரை, முரல், கொஞ்சம் இறால். அம்மா ஒரு பாரையைக் காட்டினார். வழக்கமாக மீன் வாங்க அம்மாவுக்குக் கால் மணித்தியாலம். கண்ணைப் பார்ப்பார், வயிற்றை அமத்துவார், செவுளைத் தூக்கி உள்ளே நிறம் பார்ப்பார், மணப்பார். இன்றைக்கு ஒன்றும் இல்லை. காட்டினார், கையை நீட்டினார்.

நானா கொடுக்கவில்லை.

"பாத்து எடுங்க, டீச்சர்."

"தேவையில்லை, நானா. எனக்கு உங்களில நம்பிக்கை இருக்கு."

"நம்பிக்கை வேற. மீனைப் பாருங்க. பாக்காம எடுத்தா நான் தர மாட்டன்."

செவுளை அவரே தூக்கிப் பிடித்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்தார். கண், வயிறு, செவுள். மணந்தார். இன்னொரு தடவை மணந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தயக்கம், சொல்வதா விடுவதா என்று. ஒழுங்கை முழுக்க மதில்களுக்கு மேலே தலைகள்.

சொன்னார், மெதுவாக:

"இது நேத்தையான், நானா."

"ஓம், நேத்துப் பின்னேரம் பட்டது." நானா பாரையைத் திருப்பி வைத்து, ஐஸுக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்தார். "அதுக்குத்தான் பாக்கச் சொன்னனான். இந்தாங்க, இது விடியத்தையான். இதையும் பாருங்க."